முளைக்காத விதை, எரியாத பல்பு: சின்ன வகுப்பு அறிவியல் சோதனை சொதப்பினால் எங்கே பார்ப்பது

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் பொருளைக் கொடுத்துச் சோதனை செய்ய வைக்கிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்குநேரிப் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியில் 14 வருஷமாக அதே பத்துப் பன்னிரண்டு சோதனைகளைத்தான் செய்கிறோம், அதே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு தடவையும் என்ன காரணம் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அந்த நோட்டை எடுத்துத்தான் இப்போது விரித்து எழுதுகிறேன். எது நடக்கவில்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள், முழுவதும் படிக்க வேண்டும் என்றில்லை.

அதற்கு முன் இரண்டே விஷயம். நாளைக்கு வகுப்பில் எந்தப் பொருளை வைத்துச் செய்யப் போகிறீர்களோ, அதே பொருளை வைத்து இன்று ராத்திரி வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். அதே மாதிரி வேறொரு பொருள் போதாது. பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும். இரண்டாவது, வகுப்பில் சோதனை படுத்துவிட்டால் "சரியா நடந்திருந்தா இப்படி வந்திருக்கும், எழுதிக்கோங்க" என்று சொல்லி மூடிவிடாதீர்கள். ஏன் வரவில்லை என்று அவர்களை வைத்துக்கொண்டே தேடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை அதில் காட்டுகிற ஆர்வம் சோதனை ஒழுங்காக நடக்கிற நாளில்கூட வராது.

## விதை முளைக்கவில்லை

### மூன்று நாள் ஆகியும் அசைவே இல்லை

முதலில் அது என்ன விதை என்று பாருங்கள். முழுப் பாசிப்பயறு, தட்டப்பயறு, தோலோடு இருக்கிற கறுப்பு உளுந்து மூன்றும் நம் ஊர் வெக்கையில் ஒரு ராத்திரி ஊறினால் அடுத்த ஒன்றிரண்டு நாளில் வெள்ளையாக முளை காட்டிவிடும். "வீட்டில இருந்து பயறு கொண்டு வாங்க" என்று சொன்னால் பாதிப் பேர் உடைத்த பாசிப்பருப்பையும் பொட்டுக்கடலையையும் பொட்டலம் கட்டிக் கொண்டு வருவார்கள். அது எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது. தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே ஒரு சிரட்டையில் அதையும் வைத்துவிடுங்கள், எது முளைக்கிறது எது முளைக்கவில்லை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

விதை சரிதான் என்றால் அடுத்தது அதன் வயசு. டப்பாவின் அடியில் கிடந்த, வண்டு ஓட்டை போட்ட பயறாக இருக்கலாம். 10 விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி வைத்து, இரண்டு நாள் கழித்துப் பிரித்து எண்ணுங்கள். எட்டு ஒன்பது முளைத்திருந்தால் விதையில் குறை இல்லை. ஐந்துக்கும் கீழே என்றால் கடை அண்ணாச்சியிடம் புதுப் பயறு கேட்டு வாங்குவதுதான் வழி, கால் கிலோ போதும், வகுப்பு முழுவதுக்கும் மிஞ்சும்.

சில விதைகளுக்குப் பொறுமை வேண்டும். ஆமணக்கு, புளியங்கொட்டை எல்லாம் ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். பனங்கொட்டையை ஆவணி, புரட்டாசியில் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம், அதற்கு முன் கேட்கவே கூடாது. சின்ன வகுப்பில் முதல் சோதனையாக இதில் எதையும் வைக்காதீர்கள். அந்த வயதில் மூன்று நாளே நீண்ட காலம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வயலுக்கு வாங்கிய விதையில் மீந்தது என்று யாராவது ரோஸ் நிறமாகவோ சிவப்பாகவோ இருக்கிற விதையைக் கொடுத்துவிட்டால், அது மருந்து பூசினது. பிள்ளைகள் கையில் படக் கூடாது. என்ன மருந்து, எப்படி அப்புறப்படுத்துவது என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகக் கழுவிப் பயன்படுத்தப் பார்க்க வேண்டாம்.

### நாற்றமடிக்கிறது, பஞ்சு மாதிரி பூஞ்சை

தண்ணீர் அதிகம். கிட்டத்தட்ட எப்போதும் இதுதான். எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் ஒரே ஒரு பையனுடைய சிரட்டை மட்டும் மூன்றாம் நாளே நாறியது. விசாரித்தால், ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஓடிப்போய்த் தன்னுடைய குடிதண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றிவிட்டு வந்திருக்கிறான். "அதுக்கும் தாகம் எடுக்கும்லா டீச்சர்" என்றான். அவனை எப்படித் திட்டுவது? அன்றிலிருந்து பஞ்சுக்குப் பதில் பழைய பருத்தித் துணி, பிழிந்தால் சொட்டாத ஈரம், சிரட்டையின் கண்ணில் ஆணி வைத்து ஒரு ஓட்டை, காலையில் ஒரு கை தெளிப்பு என்று மாற்றிவிட்டேன். அவனுடையதை அப்படியே வைத்து, அதிகமாகக் குடித்தால் விதைக்கு என்ன ஆகிறது என்று எல்லாரும் பார்த்தார்கள்.

தண்ணீர் சரியாக இருந்தும் நாறினால் மூடி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், காற்று வேண்டும். பூஞ்சை பிடித்ததைக் கையால் தொடவிடாமல் நீங்களே கொட்டிவிட்டு, எல்லாரையும் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

### வெள்ளிக்கிழமை நன்றாக இருந்தது, திங்கட்கிழமை காய்ந்து கிடக்கிறது

சனி, ஞாயிறு யாரும் தெளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஊறப்போட்டு, திங்கட்கிழமை வகுப்பில் துணியில் கட்டுங்கள், வெள்ளிக்குள் இலை வந்துவிடும். வைத்த இடத்தில் விதையே இல்லை என்றால் அணில், எலி, இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கோழி. கம்பி வலை போட்ட ஜன்னலுக்கு உள்பக்கம் வையுங்கள்.

## பல்பு எரியவில்லை

"டீச்சர், எரிய மாட்டேங்கு" என்ற குரல் ஒரே நேரத்தில் ஆறு மூலையிலிருந்து வரும். பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

### எரியவே இல்லை

பல்பைத் திருகிப் பாருங்கள். ஹோல்டரில் அரைச் சுற்று தளர்ந்திருந்தாலே எரியாது. அடுத்து பேட்டரிக் கட்டை. எரிகிற டார்ச் ஒன்றில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கட்டையின் மேல்பக்கம் கீழ்ப்பக்கம் மாறி இருந்தால் சாதாரணப் பல்புக்குக் கவலையில்லை, ஆனால் இரண்டு கட்டைகளை வைத்து ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருந்தால் எரியாது.

மூன்றாவது ஒயர். இங்கேதான் நான் ஒரு முழுப் பாடவேளையை இழந்தேன். மோட்டார் வைண்டிங் கடையில் மீந்த செம்புக் கம்பி சும்மா கிடைக்கிறதே என்று ஒரு சுருள் வாங்கி வந்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். பளபளவென்று வெறும் செம்பு மாதிரியே இருந்தது. ஒரு குழுவுக்கும் எரியவில்லை. அந்தக் கம்பிக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சு உண்டு, அது மின்சாரத்தை விடாது. இரண்டு முனையிலும் ஒரு விரல்கடை நீளத்துக்கு உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் நிறம் கொஞ்சம் வெளுத்து வரும், அப்புறம் உடனே எரியும். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் என்றால் நீங்களே முன்கூட்டி உரித்து வைத்துவிடுங்கள். பிள்ளைகள் பல்லால் கடித்து உரிக்கப் பார்ப்பார்கள்.

நான்காவது, அது சின்ன எல்.இ.டி. விளக்காக இருந்தால் ஒற்றைக் கட்டை 1.5 வோல்ட்டுக்கு அசையாது. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட், வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். ஆகவே இரண்டு கட்டைகளை அடுத்தடுத்து வையுங்கள். நீளக் கால் பிளஸ் பக்கம் போக வேண்டும். மாற்றி வைத்தால் கெட்டுவிடாது, எரியாது, அவ்வளவுதான், திருப்பி வைத்தால் போதும். சிவப்பு எல்.இ.டி.க்கு ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் கேட்டு நடுவில் போட்டுவிட்டால் அடிக்கடி போகாது.

இத்தனையும் பார்த்தும் எரியவில்லை என்றால் பல்பின் உள்ளே இருக்கிற மெல்லிய கம்பி அறுந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

### மங்கலாக எரிகிறது

கட்டை தீரப் போகிறது, அல்லது டார்ச்சுக்கான 2.5 வோல்ட் பல்பை ஒற்றைக் கட்டையில் போட்டிருக்கிறீர்கள். இன்னொரு கட்டை சேர்த்தால் சரி.

### ஒயர் சுடுகிறது

உடனே பிரித்துவிடுங்கள். பல்புக்குப் போகாமல் ஒயர் கட்டையின் இரண்டு முனையையும் நேராக இணைத்துவிட்டது. விரல் சுடும் அளவுக்கு ஏறும். இந்த வயதுக்குச் சாதாரண 1.5 வோல்ட் கட்டைக்கு மேல் எதுவும் வேண்டாம். பழைய செல்போன் பேட்டரி, பவர் பேங்கில் கழற்றின பேட்டரி, பைக் பேட்டரி எதையும் வகுப்புக்குள் கொண்டு வராதீர்கள். சுவரில் இருக்கிற பிளக்கைப் பிள்ளைகள் எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாது. வகுப்பில் சுவிட்ச் போர்டு உடைந்து கிடந்தாலோ, மழைக்குச் சுவரைத் தொட்டால் சுரீரென்றாலோ, மெயினை அணைத்துவிட்டு வகுப்பை மரத்தடிக்கு மாற்றி, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். அதில் நாம் கை வைக்க ஒன்றுமில்லை.

## காந்தம் சொன்னபடி கேட்கவில்லை

### ஒட்ட வேண்டியது ஒட்டவில்லை

"இரும்பு ஒட்டும்" என்று சொல்லிவிட்டு எவர்சில்வர் தம்ளரை எடுத்தால் மாட்டிக்கொள்வோம். எவர்சில்வரில் பெரும்பாலானது ஒட்டாது, சிலது லேசாக ஒட்டும். இதில் காந்தத்தின் மேல் குற்றமில்லை. எந்தத் தம்ளர் ஒட்டும், எது ஒட்டாது என்று சத்துணவுத் தட்டு, தம்ளர், கரண்டி எல்லாவற்றையும் சோதித்து ஒரு பட்டியல் போடச் சொன்னால் ஒரு மத்தியானம் ஓடிவிடும். காசும் அப்படித்தான். இப்போது புழங்குகிற வெள்ளை ஒரு ரூபாய் ஒட்டும், மஞ்சள் நிற அஞ்சு ரூபாய் ஒட்டாது, பழைய வெள்ளை அஞ்சு ரூபாயில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. எந்த உலோகத்தில் அடித்தார்களோ அதைப் பொறுத்தது.

குண்டூசியைக்கூடத் தூக்கவில்லை என்றால் காந்தமே சோர்ந்துவிட்டது. கீழே விழுந்து விழுந்து, வெயிலில் கிடந்து, ஒரே முனைகளைச் சேர்த்து டப்பாவில் போட்டுப் பலம் குறைந்திருக்கும். இரண்டு சட்டக் காந்தங்களை வைக்கும்போது ஒன்றின் வடக்கு மற்றதன் தெற்குக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி, இரண்டு ஓரத்திலும் ஓர் இரும்புத் துண்டு வைத்துப் பத்திரப்படுத்துங்கள். புதிது வாங்கக் காசு இல்லையென்றால் ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் உடைந்த ஸ்பீக்கர் கேளுங்கள். அதிலிருக்கிற வளையக் காந்தம் கடையில் விற்கிற குதிரைலாடத்தைவிட நன்றாக இழுக்கும். இரண்டு வளையம் ஒன்றோடொன்று பாயும்போது விரல் நசுங்கும், ஆகவே குழுவுக்கு ஒன்றுதான்.

### ஒட்டக் கூடாதது ஒட்டுகிறது

மணல் சோதனையில் வரும். உவரி, கூடுதாழைப் பக்கம் கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளை பாட்டிலில் கொண்டுவருகிற கருமணலில் காந்தத்தை விட்டால் மயிர்க்கூச்செறிந்த மாதிரி கறுப்புத் துகள் நிற்கும், பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். மணல் ஈரமாக இருந்தால் வெள்ளை மணலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு குழப்பும். வெயிலில் நன்றாகக் காய வைத்துவிட்டு, காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் விடுங்கள். பையை உருவினால் துகள் அப்படியே தாளில் உதிரும், காந்தத்தைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

### மருத்துவரிடம் ஓட வேண்டிய இடம்

பொத்தான் அளவு சின்னக் காந்தமும், பொம்மையிலும் கைக்கடிகாரத்திலும் இருக்கிற பொத்தான் பேட்டரியும் இந்த வகுப்புக்குள் வரவே கூடாது. ஒரு பிள்ளை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்து வெளியே வரட்டும் என்று பார்க்காதீர்கள். இரண்டு காந்தம் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து நடுவில் மாட்டின இடத்தைத் துளைத்துவிடும், பேட்டரி தொண்டையில் நின்றால் சில மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். 108க்குப் போன் செய்துவிட்டு, அதே மாதிரி பேட்டரியோ காந்தமோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். மூக்குக்குள் பயறோ புளியங்கொட்டையோ போட்டுக்கொண்டாலும் நாம் குச்சி விட்டு எடுக்கக் கூடாது, உள்ளே தள்ளிவிடுவோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

## நிழல் தப்பான பக்கம் விழுகிறது

இந்த ஒன்றைப் பற்றி எனக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது, ஏனென்றால் இதில் பிள்ளைகள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு.

ஜூலை மாதம். மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டு, மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொன்னேன். படத்தில் பார்த்த நினைவில், மதியம் நிழல் வடக்கே விழும் என்று முன்னாலேயே சொல்லியும் விட்டேன். பன்னிரண்டேகாலுக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஓடி வந்து, "டீச்சர், நிழலு அங்கிட்டுல்லா போவுது" என்று தெற்கே கையைக் காட்டியது. கம்பு சாய்ந்திருக்கும் என்றேன். நிமிர்த்தினோம். அப்பவும் தெற்கேதான்.

### நிழல் தெற்கே விழுந்தால்

முதலில் கம்பு செங்குத்தா என்று ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அடுத்து திசையைச் சரிபாருங்கள், போன் திசைகாட்டி இரும்புக் கதவு, பைக் பக்கத்தில் தப்புக் காட்டும், தள்ளி நின்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் தேதியைப் பாருங்கள். திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 8.7 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 12ஐ ஒட்டி ஒரு நாளும் ஆகஸ்ட் 31ஐ ஒட்டி ஒரு நாளும் சூரியன் மதியத்தில் நேர் உச்சிக்கு வரும், அன்று கம்பின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். இடைப்பட்ட நாலரை மாதமும் மதியச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, ஆகவே நிழல் தெற்கே. ஜூன் 21ஐ ஒட்டி ஒரு மீட்டர் கம்புக்கு 26 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும், டிசம்பர் 21ஐ ஒட்டி 63 சென்டிமீட்டர் வடக்கே. டெல்லிக்கும் லண்டனுக்கும் போட்ட படத்தை வைத்து நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் இந்தத் தப்பு வரத்தான் செய்யும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாகைக் கணக்கெல்லாம் வேண்டாம். ஜூலையில் ஒரு கல், டிசம்பரில் ஒரு கல், அதே கம்பு, அதே இடம். "நிழல் இடம் மாறிப் போச்சு" என்று அவர்களே சொல்வார்கள், அது போதும்.

### 12 மணிக்கு நிழல் குட்டையாகவில்லை

கடிகாரம் சரிதான். நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக் கணக்கில், நாம் இருப்பது 77.7க்குப் பக்கத்தில், அதனால் சூரியன் நம் தலைக்கு நேரே வரச் சுமார் 20 நிமிஷம் பிந்துகிறது. ஜூனில் 12.20ஐ ஒட்டி, பிப்ரவரி நடுவில் 12.30 தாண்டி, நவம்பர் தொடக்கத்தில் மட்டும் கிட்டத்தட்ட 12க்கே. ஆகவே சத்துணவு மணி அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படாமல், 12 மணியிலிருந்து 10 நிமிஷத்துக்கு ஒரு கல்லாக 12.40 வரை வையுங்கள். எந்தக் கல் கம்புக்கு மிகப் பக்கமோ அதுதான் உச்சி.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனையை வைக்காதீர்கள், மேகம் விடாது. சூரியனை நேராகப் பார்க்கவோ லென்ஸ் வழியாகப் பார்க்கவோ கூடாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள், போன வாரம் சொன்னது இந்த வயதில் நிற்காது. இதற்கு மேல் ஆழமாகக் கேட்கிற பிள்ளைகள் இருந்தால் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987இலிருந்து இயங்குகிற மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போய் அங்கிருப்பவர்களிடம் கேட்க விடுங்கள்.

## மிதக்க வேண்டியது மூழ்குகிறது

### உப்புத் தண்ணீரில் முட்டை எழும்பவில்லை

உப்பு போதாது, அல்லது கரையவில்லை. 300 மில்லி தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி பொடியுப்பு வேண்டும். ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாகப் போட்டுப் பொறுமை இழப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கல்லுப்பு என்றால் நாலு கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அடியில் கல் தெரியாதவரை கலக்குங்கள். தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது, உப்புக்கு நமக்குக் குறைவில்லை.

நல்ல தண்ணீரிலேயே முட்டை மிதக்கிறது என்றால் அது பழசு. உள்ளே காற்றறை பெரிதாகிவிட்டது. சோதனைக்கு உதவாது, உடைக்கவும் வேண்டாம். முட்டையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

### களிமண் படகு கரைந்து போகிறது

குளத்துக் களிமண்ணைப் பிசைந்த கையோடு தண்ணீரில் விட்டால் அஞ்சு நிமிஷத்தில் கஞ்சி. மணல் கலந்த மண் விரிசல் விடும். காருக்குறிச்சிப் பக்கம் பானை செய்கிறவர்களிடம் ஒரு உருண்டை பதமான மண் கேட்டு வாங்கி, படகு செய்து, வெளிப்பக்கம் லேசாக எண்ணெய் தடவி விட்டால் ஒரு சோதனைக்குத் தாங்கும். அது முடியாதென்றால் கடையில் விற்கிற மெழுகுக் களி. உருண்டையாக விட்டால் மூழ்கும், அதையே கிண்ணமாக்கினால் மிதக்கும். சுவர் உயரமாக, அடி அகலமாக இல்லையென்றால் கிண்ணமும் மூழ்கும், அதைப் பிள்ளைகளே திருத்தித் திருத்திக் கண்டுபிடிப்பதற்கு முழுப் பாடவேளை கொடுங்கள்.

## காற்றாடி சுற்றவில்லை

வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பணகுடி, வடக்கன்குளம் பக்கம் காற்றாலை எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும், நம் வகுப்புக் காகிதக் காற்றாடி மட்டும் நிற்கும். ஊசி இறுகக் குத்தியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். காற்றாடிக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு பாசிமணி போட்டு, விரலால் தட்டினால் தானே ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்து இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் மடிந்திருக்கின்றனவா. ஒன்று மாறி மடிந்தாலும் தயங்கும். பிறகு காகிதம், நோட்டுத்தாள் காற்றில் மடங்கிவிடும்.

எங்கள் ஊரில் காகிதத்தைவிட நன்றாக ஓடுவது பனை ஓலைக் காற்றாடி, நடுவில் உடைமுள்ளைக் குத்தினது. முள்ளைக் குத்துகிற வேலை மட்டும் உங்களுடையது. ஓலை காய்ந்து நொறுங்கினால் பச்சை ஓலையாக வெட்டி ஒரு நாள் நிழலில் வாட்டிப் பயன்படுத்துங்கள். காற்றாடியோடு பிள்ளைகள் ஓடுவார்கள், அதற்கு முன் மைதானத்தில் குழி, கம்பி பார்த்துவிடுங்கள்.

## ஆப்ப சோடா போட்டும் பலூன் ஊதவில்லை

சோடா நமத்திருக்கிறதா என்று ஒரு சிட்டிகையில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள், சுர்ரென்று பொங்க வேண்டும். பொங்கினால் பாட்டிலில் விட்ட எலுமிச்சைச் சாறுதான் குறைவு. ஒரு பழத்துச் சாறு பலூனை நிமிர்த்தாது, மூன்று பழம் பிழியுங்கள், சோடா ஒரு தேக்கரண்டி போதும். பாட்டில் பெரிதாக இருக்கக் கூடாது, 300 மில்லி சரி. பலூனை முன்னால் ஒரு தடவை ஊதி விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பாட்டிலை மூடி போட்டு இறுக்கி விளையாட விடாதீர்கள், வெடிக்கும்.

## லென்சில் ஒன்றும் தெரியவில்லை

லென்சைக் கையை நீட்டிப் பிடித்திருப்பார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இலையையோ எறும்பையோ மெதுவாகக் கிட்டே கொண்டுவரச் சொல்லுங்கள். அழுக்கு விரல்ரேகை என்றால் மெல்லிய துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் லென்ஸ் கீறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் திரும்பத் திரும்பத் தெரியவில்லை என்றால் லென்சை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி தும்பைப் பூவைப் பார்த்து "எல்லாம் கலங்கலா இருக்கு டீச்சர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலும் அவள் பிந்துவாள், நான் அதைக் கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் சொல்லி, கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். பவர் இருந்தது. கண்ணாடி போட்டு வந்த முதல் நாள் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு, இலை ஒவ்வொன்றாகத் தெரிகிறது என்று அவளுடைய ஆச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அதனால் இந்த இடத்தில் மட்டும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

## எல்லாம் சரியாக நடக்கிறது, பிள்ளைகள் பொருளைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள்

கோளாறுகளிலேயே பெரியது இது. கேள்வி கேட்டால் பாத்திரத்தைப் பார்க்காமல் நம் கண்ணைப் பார்த்து, என்ன சொன்னால் டீச்சருக்குப் பிடிக்கும் என்று தேடுவார்கள்.

முதலில் குழுவைச் சிறிதாக்குங்கள். எட்டுப் பேருக்கு ஒரு வாளி என்றால் இரண்டு பேர்தான் செய்கிறார்கள். மூன்று பேருக்கு ஒரு சட்டி வையுங்கள். அடுத்து, செய்வதற்கு முன் ஒவ்வொருவரும் தன் கணிப்பைப் போடட்டும். நான் இரண்டு தட்டு வைப்பேன், ஒன்று மிதக்கும், ஒன்று மூழ்கும். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. வாயால் சொல்லக் கூடாது, கொட்டையைப் போட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும். வாயில்லாப் பிள்ளையும் இதில் கலந்துகொள்ளும். போட்டு முடித்ததும் கொட்டைகளை எண்ணி வாங்கி டப்பாவில் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது நம் முகம். சரியான தட்டில் கொட்டை விழும்போது நாம் சிரித்துவிடுகிறோம். திரும்பி நின்றுகொள்ளுங்கள்.

போன ஆடியில் ஒரு முழுத் தேங்காயையும் ஒரு ஆணியையும் கொண்டு போயிருந்தேன். தேங்காய்க்கு எண்ணினபோது மூழ்கும் தட்டில் 18 கொட்டை, மிதக்கும் தட்டில் ஒன்றே ஒன்று. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. வாளியில் தேங்காயைப் போட்டதும் அது உருண்டு நிமிர்ந்து மிதந்தது. பின்வரிசையில், வருஷம் முழுக்கப் பேசாத ஒரு பையன் எழுந்து நின்று, "எங்க கெணத்துல விழுந்தா வாளி வச்சுத்தான் எடுப்போம், முங்காது" என்றான்.